நெம்புகோல் துவக்கும் நெல்வயற் காவலும்

பழையன போய்ப் புதியன வருவதே உலக வழக்கு என்பர். ஆயினும், கழித்து ஒதுக்கிய பொருள் சிலவேளை மீண்டும் கூடத்துக்கு வந்து வீற்றிருப்பதையும் நாம் காண்கிறோம். மண்சட்டி வந்தது, ஊற்றுப்பேனா வந்தது. இப்பொழுது அமெரிக்க நாட்டில் அவ்வாறு மீண்டு வந்திருப்பது ஒரு துவக்கு. லீவர் றைபிள் என்று அதனை அழைப்பர்; நாம் நெம்புகோல் துவக்கு எனலாம்.

அதன் அமைப்பு எளிது. விசையைச் சுற்றி வளையம் போன்ற ஒரு பிடி உண்டு. சுட்டவுடன் அப்பிடியைக் கீழே தள்ளினால் வெறுந்தோட்டா வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா மேலெழும். சுத்தியல் பின்வாங்கி நிற்கும். பிடியை மேலே இழுத்தால் துவக்கு மறுபடியும் தயார். தோட்டாக்கள் குழலின் கீழே உள்ள மற்றொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். 1860 இல் ஹென்றி என்பார் ஆக்கிய துவக்கின் குழாயிற் பதினாறு தோட்டாக்கள் அடங்கின. ஒரு வெடி தீர்ந்தால் மருந்திட்டு இடித்து நிரப்ப வேண்டியிருந்த அக்காலத்தில் இஃது அதிசயமாகவே தோன்றியிருக்கும். பின்னர் 1866 இலும் 1873 இலும் வின்செஸ்டர் கம்பனியின் துவக்குகள் வந்தன. ஜோன் பிரவுணிங் வகுத்த 1894 ஆம் ஆண்டு மாதிரி மட்டும் எழுபது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

1877 இற் பிளெவ்னா முற்றுகையின்போது துருக்கியர் வின்செஸ்டர் துவக்குகளைக் கொண்டு இரஷ்யப் படையைத் திணறடித்தனர். எனினும் உலகின் பெருஞ்சேனைகள் இதனை விரும்பவில்லை. தரையிற் படுத்துச் சுடும் போர்வீரனுக்குப் பிடியைக் கீழே தள்ள இடமில்லை. அன்றியும், கூர்முனைச் சன்னங்களைக் குழாயில் வரிசையாக இட்டால், பின்னுள்ளதன் முனை முன்னுள்ளதன் வெடிப்பொட்டில் இடித்து வெடிக்கக்கூடும். ஆகவே மொட்டை முனையே இட வேண்டியிருந்தது. மொட்டை முனை நெடுந்தூரம் செல்லாது. இக்காரணங்களால் இத்துவக்கு வேடர் கையிலும் திரைப்படக் குதிரைவீரர் கையிலும் தங்கிவிட்டது.

2006 இல் வின்செஸ்டர் துவக்கின் நியூஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டபோது, அதன் கதை முடிந்தது என்றே பலர் கருதினர். முடியவில்லை. 2020 இற் கடனில் வீழ்ந்த ரெமிங்டன் கம்பனியிடமிருந்து மார்லின் என்னும் பழம்பெயரை ரூகர் கம்பனி வாங்கி, அத்துவக்கை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. கைத்துப்பாக்கிக்குப் பேர்போன ஸ்மித் அண்ட் வெசன் கம்பனியும் 2024 இல் தனது நெம்புகோல் துவக்கை வெளியிட்டது.

இதற்குக் காரணம் என்னை? மரமும் உருக்கும் சேர்ந்த பழைய அழகு ஒன்று; தாத்தாவின் துவக்கு என்னும் பாசம் மற்றொன்று. முனையில் மெல்லிய செயற்கைப் பொருள் வைத்த புதுச் சன்னங்கள் குழாயின் குறையை ஓரளவு தீர்த்தன. எல்லாவற்றினும் முக்கியமானது சட்டம். விசையை அழுத்துந்தோறும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துவக்குகளை அமெரிக்க மாநிலங்கள் சில கட்டுப்படுத்தியுள்ளன. கையால் இயக்கும் நெம்புகோல் துவக்குக்கு அத்தடை பெரும்பாலும் இல்லை.

சட்டத்தின் இடுக்கு வழியாக நுழையும் இப்பழமையை அவுஸ்திரேலியா நன்கு அறியும். 1996 இற் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் ஒருவன் முப்பத்தைந்து பேரைச் சுட்டுக் கொன்றபின், அந்நாடு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. ஆனால் நெம்புகோல் வேட்டைத்துவக்கு பழம்பொருள் என்று எளிய வகுப்பிலேயே விடப்பட்டது. 2015 இல் ஏழு தோட்டாக்கள் கொண்ட அட்லர் துவக்கு இறக்குமதிக்கு வந்தபோது நாடு விழித்துக்கொண்டது. 2016 இல் விதி இறுக்கப்பட்டது.

நிற்க. வாவிக்கரையில் வாழும் நமக்கும் இத்துவக்குக்கும் யாது தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வோர் அதனை அறிவர். மாரிப்போக நெல் குடலைப் பருவம் எய்தியதும் வெல்லாவெளி, தும்பங்கேணி, உன்னிச்சைப் பக்கங்களில் இரவு நீண்டுவிடும். வட்டையிற் பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டி, வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானைவெடியைக் கொளுத்தி விடியும்வரை விழித்திருப்பர். தினைப்புனத்திற் கவணும் தட்டையும் கொண்டு காவல் காத்தவரைச் சங்கப் பாடல்களில் மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அக்காவல் இன்னும் முடியவில்லை என்பதை ஆங்குக் கண்டோம்.

ஒரு பரணடியில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, துவக்கு வேண்டும் என்று பலரும் கேட்பது ஏன் என்று வினவினோம். அவர் சொன்னார்:

"துவக்கெண்டா சுடுறதுக்கு மட்டும் இல்ல சேர். அது வீட்டில இரிக்கி எண்டா பொண்டாட்டி புள்ளைகள் நித்திரை கொள்ளும்."

இவ்விடையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்கன் நெம்புகோல் துவக்கைத் தேடுவது பெரும்பாலும் பழைய நினைவுக்காக; படுவான்கரை உழவர் கேட்கும் ஒற்றைக்குழல் வேட்டைத்துவக்கோ உறக்கத்துக்காக. நம் நாட்டிற் சுடுகலன்களை ஆள்வது 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். பயிர்க்காவலுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவும் வேண்டும். நெடும்போரைக் கண்ட மாவட்டத்தில், உழவன் கையிலுள்ள துவக்கும் ஐயத்துக்கு உரியதாகவே இருந்து வந்திருக்கிறது.

சரி, துவக்குக் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். காட்டுப்பன்றிக்கு அது போதும். யானைக்கோ? வேட்டைத்துவக்கின் சிறு சன்னங்கள் யானையைக் கொல்லா. தோலுக்குள் தங்கிப் புண்ணாகும். புண்பட்ட யானை காட்டுக்குள் மறைந்து நோவோடு அலையும். மனிதனைக் கண்டால் ஓடுவதை விட்டுப் பாயும். நேற்றுச் சுட்டவன் ஒருவன். நாளை விடியற்காலை மாடு அவிழ்க்கப் போய் அதன் முன்னே அகப்படுபவன் வேறொருவன். சுட்டால் அச்சம் நீங்கும் என்று எண்ணியவன் அதனை அயலான் வாசலுக்கு அனுப்பியதே கண்ட பலன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு யானையைக் கொன்றோர்க்குப் பரிசு வழங்கிற்று. மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஒருவரே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். இன்று யானை சட்டத்தாற் காக்கப்படும் விலங்கு. 2011 இல் எடுத்த கணக்கெடுப்பில் இத்தீவில் 5,879 காட்டு யானைகள் காணப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்டவை இறந்தன. அவ்வாண்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் மாண்டனர். துவக்குச் சூட்டினால் மட்டும் யானை இறப்பதில்லை. 'ஹக்கபட்டாஸ்' எனச் சிங்களத்தில் வழங்கும் வெடியைத் தின்பண்டத்துள் மறைத்து வைக்கின்றனர். அதனைக் கடித்த யானை தாடை சிதறி, உண்ண இயலாது பல நாட் கிடந்து சாகிறது. இதில் எவர்க்கும் வெற்றி இல்லை.

ஆயின் வழி யாது? 2020 இற் கலாநிதி பிரித்திவிராஜ் பர்னாந்து தலைமையிலான குழு தேசியச் செயற்றிட்டம் ஒன்றை அரசிடம் அளித்தது. அதன் உட்கருத்து எளியது. இதுவரை மின்வேலிகள் பல, வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டில் இடப்பட்டன. யானை அவ்வெல்லையை அறியாது; வேலியின் இருபுறமும் அது உலவுகிறது. எனவே வேலி ஊரைச் சுற்றி நிற்க வேண்டும். வயலைச் சுற்றியும் விதைப்பின்போது இட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். அதன்பின் வெறும் வயலிலுள்ள தாளை யானை மேய்ந்து போகலாம். இவ்வேலியின் மின்சாரம் கணப்பொழுதே பாய்ந்து சுரீரென அதிர்ச்சி தரும், உயிரைக் கொல்லாது. ஆனால் கம்பியில் ஒரு கொடி படர்ந்தாற் போதும், அதன் வலு குன்றிவிடும். தினமும் அதனைப் பார்த்துத் துப்புரவு செய்ய ஊரார் முறைவைத்துக் கூடவேண்டும். முன்பு வாய்க்கால் வெட்டவும் வரம்பு கட்டவும் வட்டவிதானை முறைவைத்து ஆட்களை அழைத்தது போன்ற வேலையே இது. நம்மவர்க்குப் புதிதன்று.

மீட்டெடுக்க வேண்டிய பழமை ஒன்று நமக்கும் உண்டு என்றால், அஃது அந்த முறைக்காவலே என்பது எமது துணிபு. துவக்கு ஒரு வீட்டின் சுவரிலே தொங்கும். வேலியோ எல்லா வீட்டையும் சுற்றி நிற்கும். எனினும் வேலி வரும்வரை அம்முதியவரை நோக்கித் 'துவக்குக் கேளாதீர்' என்று சொல்லும் உரிமை, வாவிக்கு இக்கரையிற் கதவடைத்து உறங்கும் நமக்கு எவ்வளவு உண்டு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் உண்ணும் சோறு அவர் விழித்திருந்த இரவுகளால் வந்தது. அடுத்த மாரிப்போகத்து நெல் குடலை கொள்ளுமுன் அவ்வட்டையைச் சுற்றி வேலி எழவேண்டும் எனக் கேட்பது, அவரைப்போலவே நமக்கும் உரிய கடமையாகும்.