நன்னீர் மீன்களில் குறுங்கால நச்சுச் சோதனை: கொல்செறிவு என்னும் எண்ணும் அதன் பொருளும்

முன்னுரை

ஏரியிலோ ஆற்றிலோ மீன்கள் செத்து மிதக்கும்போது, நீரில் என்ன கலந்தது என்னும் கேள்வி முதலில் எழுகிறது. அப்பொருள் எவ்வளவு கலந்தால் மீன் சாகும் என்பது அடுத்த கேள்வி. இவ்விரண்டாம் கேள்விக்கு விடை காண்பதற்காக அமைந்ததே மீன்களைக் கொண்டு செய்யப்படும் குறுங்கால நச்சுச் சோதனை. பூச்சிக்கொல்லி, சாயம், சலவைப் பொருள், தொழிற்சாலைக் கழிவுநீர் என நீரைச் சென்றடையும் பொருள்கள் பலவும் இச்சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. சோதனையின் முடிவு ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கி, ஆய்வறிக்கைகளிலும் பொருள்களின் பாதுகாப்புக் குறிப்புகளிலும் இடம்பெறுகிறது. அவ்வெண் பெறப்படும் முறையையும், அது எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனைப் பாதுகாப்பின் எல்லை என்று பிழைபடக் கொள்வோரும் உளராதலின் இவ்விளக்கம் தேவையாகிறது.

1. கொல்லளவும் கொல்செறிவும்

ஒரு பொருளை நஞ்சு என்று கூறும்போது, எந்த உயிருக்கு, எவ்வளவில், எவ்வளவு காலத்தில் என்பனவும் உடன் கூறப்படல் வேண்டும். நாள்தோறும் நாம் உண்ணும் உப்பும் மிகுதியாகக் கலந்தால் நன்னீர் மீனைக் கொல்லும்.

எலி போன்ற விலங்குகளுக்கு நஞ்சினை வாய்வழியாகக் கொடுத்துச் சோதிக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவு குறிக்கப்படும். இதனைக் கொல்லளவு எனலாம். மீனின் நிலை வேறு. அது நஞ்சு கலந்த நீருக்குள்ளேயே வாழ்கிறது. செவுள்களின் வழியே இடைவிடாமல் அந்நீரைச் செலுத்தி மூச்சு விடுகிறது. உடலுக்குள் சென்ற நஞ்சினை அளப்பதைவிடச் சூழ்ந்துள்ள நீரில் நஞ்சின் செறிவை அளப்பது எளிது. எனவே மீன் சோதனையில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்னும் கொல்செறிவே பயன்படுகிறது.

ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே வயதுடைய மீன்களும் ஒரே செறிவில் சாவதில்லை. சில விரைவில் சாகும். சில தாங்கி நிற்கும். முதல் மீன் சாகும் செறிவும் கடைசி மீன் சாகும் செறிவும் சோதனைக்குச் சோதனை பெரிதும் மாறுபடும். பாதி மீன்கள் சாகும் செறிவு அவ்வளவு மாறுவதில்லை. மருந்துகளின் ஆற்றலை அளவிடுவதற்கு இந்த நடுப்புள்ளியைக் கொள்ளலாம் என்று 1927-இல் ஜே. டபிள்யூ. டிரெவன் முன்மொழிந்தார். மீன் சோதனையும் அவ்வழியையே பின்பற்றுகிறது. குறித்த காலத்துக்குள் பாதி மீன்கள் சாகும் செறிவு இடைநிலைக் கொல்செறிவு எனப்படும். ஆய்வாளர் இதனை எல்.சி. 50 என வழங்குவர்.

2. சோதனையின் செய்முறை

இச்சோதனைக்கெனப் பல நாடுகளும் ஏற்றுள்ள வழிகாட்டி, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981-இல் வெளியிட்ட 203-ஆம் எண் வழிகாட்டியாகும். இது 1992-இலும் 2019-இலும் திருத்தப்பட்டது. இந்தியாவில் கழிவுநீரை மீன்களைக் கொண்டு சோதிப்பதற்கான தரம், ஐ.எஸ். 6582 என்னும் எண்ணுடன் 1971-இலேயே வகுக்கப்பட்டது.

சோதனைக்கு முன் மீன்கள் ஆய்வுக்கூடத்து நீருக்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன. குழாய்நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரினை முன்னரே நீக்குதல் வேண்டும்; இன்றேல் ஆராயப்படும் நஞ்சினாலன்றிக் குளோரினாலேயே மீன் சாகக்கூடும். சோதனை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பு உணவு நிறுத்தப்படும். மீதமான உணவும் மீனின் கழிவும் நீரைக் கெடுத்து முடிவைத் திரித்துவிடும் என்பதே காரணம்.

பின்னர்க் குறைந்தது ஐந்து செறிவுகளில் நச்சுக் கரைசல்கள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. இவை கூட்டுத் தொடராக இராமல் பெருக்குத் தொடராக அமையும். ஒவ்வொரு செறிவும் அதற்கு முந்தையதைப்போல 2.2 மடங்குக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது ஏழு மீன்கள் விடப்படும். நஞ்சு கலவாத நீரில் அதே எண்ணிக்கையில் மீன்கள் விடப்பட்ட ஒப்பீட்டுத் தொட்டி ஒன்றும் இருத்தல் வேண்டும். நஞ்சினைக் கரைக்க அசிட்டோன் போன்ற கரைப்பான் பயன்பட்டிருந்தால், அக்கரைப்பான் மட்டும் கலந்த தொட்டி ஒன்றும் தனியே தேவை.

சோதனைக் காலம் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள். 24, 48, 72, 96-ஆம் மணிகளில் இறப்பு கணக்கிடப்படுகிறது. செவுள் அசைவின்றி, வாலின் அடிப்பகுதியைத் தொட்டாலும் எதிர்வினை காட்டாத மீன் இறந்ததாகக் கொள்ளப்படும். நிலைதடுமாறி நீந்துதல், நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுதல், நிறம் கறுத்தல் போன்ற குறிகளும் பதிவு செய்யப்படும்.

முடிவு ஏற்கத்தக்கதாவதற்குச் சில கட்டளைகள் உள்ளன. ஒப்பீட்டுத் தொட்டியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறப்பு நேரலாகாது. பத்துக்குக் குறைவான மீன்கள் உள்ள தொட்டியில் ஒரு மீன் வரை இறக்கலாம். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், நிறைநிலையில் 60 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. சில பொருள்கள் ஆவியாகிவிடும். சில கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கலந்த அளவு ஒன்றாகவும் மீன் உண்மையில் எதிர்கொண்ட அளவு வேறாகவும் ஆகிவிடும். இதனைத் தவிர்க்க நீரை நாள்தோறும் மாற்றுவர், அல்லது புதிய கரைசலை இடையறாது ஓடவிடுவர். செறிவை நேரே அளந்தும் பார்ப்பர்.

3. எண் பிறக்கும் விதம்

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என்னும் ஐந்து செறிவுகளில் பத்துப் பத்து மீன்கள் விடப்பட்டன. 96 மணிக்குப் பின் இறந்தவை முறையே 0, 1, 4, 8, 10. பாதி இறப்பு 4-க்கும் 8-க்கும் இடையில் நிகழ்கிறது. செறிவின் மடக்கையைக் கிடை அச்சிலும் இறப்பு விழுக்காட்டை நிலை அச்சிலும் குறித்து, அவ்விரு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், கோடு ஐம்பது விழுக்காட்டை ஏறத்தாழ 4.8 மில்லிகிராமில் கடக்கும். அதுவே இடைநிலைக் கொல்செறிவு.

எல்லாப் புள்ளிகளையும் கணக்கில் கொள்ளும் நுட்பமான முறை புராபிட் பகுப்பாய்வு ஆகும். செஸ்டர் பிளிஸ் 1934-இல் அறிமுகப்படுத்திய இம்முறையை டி. ஜே. பின்னி 1947-இல் வெளியிட்ட நூல் பரவச் செய்தது. இம்முறையால் கொல்செறிவோடு அதன் நம்பிக்கை எல்லைகளும், கோட்டின் சாய்வும் கிடைக்கின்றன.

இச்சாய்வு பெரிதும் கவனிக்கத்தக்கது. இரு பொருள்களின் கொல்செறிவு ஒரே எண்ணாக இருக்கலாம். ஒன்றின் கோடு செங்குத்தாகவும் மற்றதன் கோடு சரிந்தும் அமைந்தால் விளைவுகள் வேறுபடும். செங்குத்தான கோடுடைய பொருள், கொல்செறிவில் பாதியளவில் ஒரு மீனையும் கொல்லாமலிருக்கலாம். சரிந்த கோடுடையது அவ்வளவிலேயே பலவற்றைக் கொல்லக்கூடும். எண்ணை மட்டும் கூறிச் சாய்வைக் கூறாத அறிக்கை இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

4. மீனும் நீரும்

கொல்செறிவு பொருளுக்கு மட்டும் உரிய மாறாத எண் அன்று. மீனின் இனமும் நீரின் இயல்பும் அதனை மாற்றுகின்றன.

கங்கைப் படுகையில் இயல்பாக வாழ்வதும், 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்ததுமாகிய வரிக்குதிரை மீன் உலகெங்கும் சோதனைக்குப் பயன்படுகிறது. குளிர்நீரில் வாழும் டிரௌட், வளர்ப்பு மீனாகிய சாதாக்கெண்டை ஆகியனவும் பயன்படுகின்றன. நம் நீர்நிலைகளில் வாழும் விராலும் தேளியும் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆக்சிஜன் குன்றிய நீரில் பிற மீன்கள் மாண்டபின்பும் இவை பிழைத்திருக்கும். ஓரினத்தின் எண்ணைப் பிறிதோர் இனத்துக்கு அப்படியே பொருத்துதல் தவறு.

நீரின் பங்குக்கு அம்மோனியா நல்ல சான்று. அது நீரில் அயனி வடிவிலும் அயனியாகாத வடிவிலும் இருக்கும். மீனைப் பெரிதும் தாக்குவது அயனியாகாத வடிவம். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீரின் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ அரை விழுக்காடே அவ்வடிவில் இருக்கும்; பி.எச். 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டும். கலந்த அம்மோனியாவின் அளவு மாறாமலே நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது. செம்பின் நிலையும் இத்தகையதே. கடின நீரிலுள்ள கால்சியம் செவுளில் செம்பு பற்றுவதற்குப் போட்டியாக நிற்பதால், மென்னீரில் கொல்லும் செம்பின் அளவு கடின நீரில் கொல்லாமற் போகலாம். ஆதலின் மீனின் பெயர், வெப்பநிலை, பி.எச்., நீரின் கடினத்தன்மை, சோதனைக் காலம் ஆகியன குறிக்கப்படாத கொல்செறிவு பொருளற்ற எண்ணாகும்.

5. எண் கூறுவதும் கூறாததும்

பொருள்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே இவ்வெண்ணின் உண்மையான பயன். ஐக்கிய நாடுகள் அவையின் வேதிப்பொருள் வகைப்பாட்டு முறையில், 96 மணிக் கொல்செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாயின் அப்பொருள் முதல் வகுப்பு. 1-க்கு மேல் 10 வரை இரண்டாம் வகுப்பு. 10-க்கு மேல் 100 வரை மூன்றாம் வகுப்பு. எண் சிறிதாகும்தோறும் நஞ்சு கொடிதாகிறது. 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே நன்னீர் மீன்கள் பலவற்றைக் கொல்லவல்லது.

இவ்வெண்ணைக் கொண்டு மனிதருக்கு நேரும் தீங்கை அறிய இயலாது. மோனோகுரோட்டோபாஸ் மீன்களுக்கு ஒப்பளவில் குறைந்த நஞ்சே. 2013-இல் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவில் அது கலந்ததால் 23 குழந்தைகள் மாண்டனர். இதற்கு மாறாக, பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பாலூட்டிகளுக்கு ஒப்பளவில் குறைந்த நஞ்சாயினும் மீன்களுக்கு மிகக் கொடியவை. நம் நாட்டுப் பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனக் காணப்படும் நிறக்குறி பாலூட்டிகளுக்குரிய கொல்லளவை அடிப்படையாகக் கொண்டது. நீல நிறத்தைக் கண்டு, தெளிப்பானை ஓடையில் கழுவலாம் என்று உழவர் ஒருவர் கருதினால், அந்த ஓடையின் மீன்களைப் பற்றி அக்குறி அவருக்கு எதுவும் கூறுவதில்லை.

நாட்பட்ட விளைவுகளையும் இவ்வெண் கூறுவதில்லை. நான்கு நாள் பிழைத்த மீன் முட்டையிடாமற் போகலாம்; வளர்ச்சி குன்றலாம்; நோய்க்கு எளிதில் ஆட்படலாம். நஞ்சு மீனின் தசையில் சேர்ந்துகொண்டும் இருக்கலாம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மெத்தில் பாதரசம் சேர்ந்த மீனையும் சிப்பியையும் உண்ட மக்களுக்கு நேர்ந்த நோய் 1956-இல் அறியப்பட்டது. அம்மீன்கள் வலையில் உயிரோடு அகப்பட்டவை. உண்டவர்களே நடக்கவும் பேசவும் இயலாதவராயினர்.

6. சட்டமும் நான்கு நாளும்

இந்தியச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணை, வெளியேற்றப்படும் கழிவுநீருக்கு உயிரிச் சோதனை ஒன்றை விதிக்கிறது. வேறு நீர் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணிக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. இது பயனுள்ள விதியே. கழிவுநீரிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களைத் தனித்தனியே பகுத்தாய்வது இயலாதபோது, அவற்றின் கூட்டு விளைவை மீன் ஒரே சோதனையில் காட்டிவிடுகிறது.

ஆயினும் நான்கு நாள் என்பது ஆய்வுக்கூடத்தின் வேலை வாரத்துக்குள் அடங்கும் கால அளவு. ஆறு அக்கழிவுநீரை ஆண்டு முழுவதும் ஏற்கிறது. எனவே இச்சோதனையில் தேறிய நீர், உடனடியாகக் கொல்லாத நீர் என்று மட்டுமே பொருள்படும். குறுங்காலச் சோதனை முடிவுகள் மட்டுமே கிடைக்கும் நிலையில், ஐரோப்பிய மதிப்பீட்டு முறையானது பாசி, நீர்த்தெள்ளு, மீன் ஆகியவற்றுக்குரிய எண்களில் மிகச் சிறியதை ஆயிரத்தால் வகுத்து, தீங்கற்றதென எதிர்பார்க்கத்தக்க செறிவைக் கணிக்கிறது. முற்கூறிய எடுத்துக்காட்டின் 4.8 மில்லிகிராமே மிகச் சிறிய எண் எனக் கொண்டால், கணிக்கப்படும் செறிவு 4.8 மைக்ரோகிராம். கொல்லும் செறிவுக்கும் தீங்கற்ற செறிவுக்கும் இடையே எத்துணைத் தொலைவு வைக்கவேண்டியுள்ளது என்பதை இது உணர்த்தும்.

7. மாற்று முறைகள்

ஓர் எண்ணுக்காகப் பல மீன்கள் சாகவேண்டியிருப்பதும் ஆய்வாளரின் மனத்தை உறுத்தி வந்துள்ளது. 2013-இல் ஏற்கப்பட்ட 236-ஆம் எண் வழிகாட்டி, வளர்ந்த மீனுக்குப் பதிலாகப் புதிதாகக் கருவுற்ற வரிக்குதிரை மீன் முட்டைகளைப் பயன்படுத்துகிறது. கரு கெட்டியாதல், இதயத்துடிப்பு இன்மை முதலிய குறிகளால் இறப்பு அறியப்படுகிறது. 2021-இல் வந்த 249-ஆம் எண் வழிகாட்டி டிரௌட் மீனின் செவுளிலிருந்து பெற்று வளர்க்கப்படும் உயிரணுக்களையே சோதிக்கிறது. எல்லாப் பொருள்களுக்கும் இவை ஈடாகா எனினும், சாகும் மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்க வழி திறந்துள்ளன.

முடிவுரை

இடைநிலைக் கொல்செறிவு, குறித்த நீரில், குறித்த மீனினத்தில், குறித்த நான்கு நாளில் பாதி உயிர்கள் மாளும் செறிவைக் காட்டும் எண். பொருள்களை ஒப்பிடவும், கொடியவற்றை விரைவில் இனங்காணவும் அது துணைபுரிகிறது. அறிக்கையொன்றில் இவ்வெண்ணைக் காண்போர் எந்த மீன், எந்த நீர், எத்தனை மணி என்று வினவுதல் வேண்டும். ஆற்றோரத்தில் வாழ்வோரும் அதன் மீனை உண்போரும், நான்கு நாளுக்குப் பின் என்ன நேரும் என்று மேலும் ஒரு வினாவை எழுப்பலாம். அதற்கு விடை கூற நெடுங்காலச் சோதனைகளே வேண்டும்.