வாயில்லா உறவின் பிரிவு

வீட்டில் வளர்ந்த நாயோ பூனையோ இறந்தால், அதற்காகக் கண் கலங்குவதை நம்மில் பலர் வெட்கத்துக்குரியதாக எண்ணுகின்றனர். மனிதர் மறைந்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவர். இதற்கு யார் வருவார்? உற்றாரைப் பிரிந்து, மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்களிலோ, குழந்தைக்கு நீங்காத் துணையாயிருந்தது அந்த ஜீவனே.

இத்துக்கம் புதிதன்று. தக்கோலப் போரில் (949) காட்டிய வீரத்துக்குப் பரிசாக, மணலேரன் என்னும் கங்க நாட்டு வீரன், காளி என்ற வேட்டை நாயையே கேட்டுப் பெற்றான். அது காட்டுப் பன்றியொன்றுடன் பொருது, அதனைக் கொன்று தானும் மாண்டது. கர்நாடகத்து ஆதகூரில் அந்நாய்க்குக் கல் நாட்டிப் பூசைக்கு நிலமும் விடப்பட்டது. அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. வீரனே வெட்கப்படவில்லை, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

கல் நாட்ட நமக்கு நிலமில்லை. எனினும் சில செய்யலாம். "ஊருக்குப் போயிருக்கிறது" என்று குழந்தையிடம் பொய் சொல்லலாகாது. அது நாள்தோறும் வாயிலில் காத்திருக்கும். மெய்யாகவே ஊருக்குச் சென்ற பாட்டியும் திரும்பமாட்டாளோ என்று அஞ்சும். "இறந்துவிட்டது, இனி வராது" என்று மெல்லச் சொல்லுங்கள். அடக்கத்தின்போது உடனிருக்க விரும்பினால் தடுக்காதீர்கள். சோறிட்ட தட்டை அன்றே அப்புறப்படுத்த வேண்டாம். மறுவாரமே வேறொரு குட்டியைக் கொணர்வதும் ஆறுதலாகாது. வீட்டார் கூடியமர்ந்து அதன் குறும்புகளைப் பேசுங்கள். அடுத்த வீட்டில் இவ்விழப்பு நேர்ந்தால், ஒரு நடை சென்று விசாரித்து வாருங்கள்.