ககாத்திஸ் என்னும் கருமணி

ஒரு பொருளின் குணம் இன்னதென்று துணிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் கொள்ளுதல் நம் நூன்மரபு. இவற்றுள் உரையாவது குற்றமற அறிந்தோர் கூற்றாதல் வேண்டும். ஒருவர் எழுதியதைப் பலர் பெயர்த்தெழுதினமையான் மட்டும் அது வலியுறாது. மேனாட்டுக் கருமணியொன்றின் மருத்துவ வரலாற்றில் இவ்வேறுபாடு தெளிவுற விளங்குதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

அம்மணி ஆங்கிலத்தில் ஜெட் எனப்படும். லிசியா நாட்டு ஆறொன்றின் பெயரால் பண்டைக் கிரேக்கர் அதனைக் ககாத்திஸ் என்றனர். அச்சொல்லே பிரெஞ்சு மொழி வழியாகத் திரிந்து ஜெட் என்றாயிற்று. மணியென வழங்கினும் இது கல்லன்று, மரம். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகட்கு முன் நீரில் அமிழ்ந்து சேற்றிற் புதைந்த அரௌகாரியா இனத்து மரங்கள் இறுகிக் கருமையெய்தின. நிலக்கரிக்கு இஃது உறவுடையது. இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில் விட்பி என்னும் ஊரைச் சூழ்ந்து கிடைப்பது மிகவும் பெயர்பெற்றது. நீரினும் சிறிதே கனமுடையதாதலின் கையிலெடுத்தார்க்கு இதன் நொய்ம்மை வியப்பளிக்கும். கம்பளியில் தேய்ப்பின் துரும்பை ஈர்க்கும். தீயிலிடின் எரிந்து நிலக்கரி நாற்றம் வீசும். இவையெல்லாம் இன்றும் எவரும் கண்டறியத்தக்கன.

இனி, நூல்கள் கூறுவன. கி. பி. 79-இல் இறந்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் இதன் புகை பாம்புகளை ஓட்டும் என்றார். மதுவிற் காய்ச்சிய நீர் பல்வலிக்கும், மெழுகொடு கூட்டியது கழுத்துக் கழலைக்கும் மருந்து என்றார். கன்னிமையைச் சோதிக்கவும் இது பயன்படும் என்றார். நீர் இதனை எரிவிக்கும், எண்ணெய் அவிக்கும் என்பதும் அவர் கூற்றே. வலிப்பு நோயுடையாரை இதன் புகை காட்டிக்கொடுக்கும் என்ற ஒன்றே, இவை எல்லாவற்றினும் மக்கள் வாழ்வை மிகுதியுந் தாக்கியது.

அஃது எங்ஙனமெனின், கி. பி. 158 அல்லது 159-இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள சபிராத்தா நகரில் அப்புலேயஸ் என்னும் புலவர் மாந்திரிகம் செய்தாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டார். அவர் மந்திரத்தால் ஒரு சிறுவன் மயங்கி வீழ்ந்தான் என்பது வழக்கின் ஒரு கூறு. அவன் வலிப்பு நோயுடையவன், அவனை வீழ்த்த மந்திரம் எற்றுக்கு, ககாத்திஸை எரித்தாலே போதுமே என்று அவர் விடையிறுத்தார். இயற்கை நூலாரிடம் தாம் படித்ததாகவே அவர் இதனைச் சொல்வதும், அடிமைச் சந்தையில் விலைக்கு நிறுத்தப்பட்டோரின் உடல்நலத்தை இதன் புகையால் ஆராய்தல் வழக்கமென்று உடன்கூறுவதும் உற்றுநோக்கற்பாலன. வலிப்பு, மூளையின் மின்னோட்டம் நிலைதிரிதலால் வருவது. வேண்டிய பொழுது வருவதன்று. நோயுடையான் அப்புகையில் வீழாது நிற்றல் கூடும். நோயிலான் கரும்புகையால் மூச்சுத் திணறிச் சாய்தலும் கூடும். இத்தகைய சோதனையில் ஒரு மனிதனின் விலையும், அவன் யாரிடம் போய்ச் சேர்வான் என்பதும் தொங்கிநின்றன. நூலில் எழுதப்பட்ட ஒரு வரி சந்தையில் இவ்வளவு செய்தது!

நிற்க. மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சொலினஸ் பிரிட்டனின் ககாத்திஸைப் புகழுமிடத்து, அது நீரில் எரிந்து எண்ணெயில் அவியும் என்றே எழுதினார். 636-இல் இறந்த இசிதோரும் அவ்வாறே. ஆயின் 731-இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீட் முனிவர், சொலினஸின் சொற்களையே பெரிதும் எடுத்தாண்டும், நீரும் எண்ணெயும் பற்றிய பகுதியை மட்டும் விடுத்துத் தீயை அணுகின் எரியும் என்று திருத்திவிட்டார். அவர் வாழ்ந்த மடம் விட்பிக்குச் சேய்மையிலன்று; மணியை எரியக் கண்டே திருத்தினார் எனக் கருதுதல் பொருந்தும். பாம்பை ஓட்டும் என்பதனை மட்டும் அவரும் விட்டாரில்லை! இத்திருத்தமும் நிலைக்கவில்லை. 1123-இல் இறந்த மார்போட் என்னும் பிரெஞ்சு ஆயர் மணிகளைப் பற்றிச் செய்த செய்யுள் நூலில், நீரில் எரியும் பழங்கூற்று மீண்டும் வந்தமர்ந்தது. அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பரவிற்று.

நூல் கல்லாத மக்களிடத்தும் இம்மணிக்கு வேறொரு வாழ்வு இருந்தது. ரோமர் காலத்து யார்க் நகரில் மெடூசாவின் முகம் செதுக்கிய பதக்கங்கள் கிடைத்துள்ளன. தீங்கு விலக அணிந்தவை என்பர். இசுபானியாவில் இம்மணி அசபாச்சே எனப்படும். சந்தியாகோ நகரில் இதனைச் செதுக்குவோர்க்கெனத் தனித்தெருவே உண்டு. இரு விரலிடைப் பெருவிரல் நுழைத்த முட்டிக்கை வடிவில் இதனைச் செய்து கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகட்கு அணிவித்தல் அந்நாட்டு வழக்கம். அணி உடைந்தால் குழந்தைக்கு வரவிருந்த தீங்கை அது தான் ஏற்றுக்கொண்டது என்பர். கீழே விழுந்தால் எளிதில் உடையும் பொருள் ஜெட்.