ஆண் மீன் பெண் மீனாகும் விந்தை

பழவேற்காடு ஏரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் இந்த உவர்நீர் ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. இதன் கரையிலுள்ள மீனவக் குப்பங்களில் இறால், நண்டு, மடவை ஆகியவற்றோடு கொடுவா மீனும் பிடிபடுகிறது. கொடுவாவுக்கு எப்போதும் நல்ல விலை உண்டு.

இந்த மீனிடம் ஒரு விந்தை இருக்கிறது. பொதுவாக 3, 4 வயதில் அது ஆணாக முதிர்கிறது. மேலும் சில ஆண்டுகள் வளர்ந்தபின் அதே மீன் பெண்ணாகி முட்டையிடுகிறது! மறுபடி அது ஆணாவதில்லை.

அப்படியானால் அதன் மரபணுக்கள் மாறிவிட்டனவா? இல்லை. அவை அப்படியே இருக்கின்றன. மாறியது எது?

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் இது எப்படி அடங்குகிறது? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டெட்டாகச் சேர்ந்து உருளைகளாகின்றன. வலை பின்னும் நூலைக் கட்டையில் சுற்றுவதுபோல், டி.என்.ஏ. அவற்றின்மேல் சுற்றிக்கொள்கிறது. புரதமும் டி.என்.ஏ.வும் சேர்ந்த இந்தப் பொருளே குரோமாட்டின்.

இறுகச் சுற்றிய இடத்திலுள்ள மரபணுவை உயிரணு படிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் உள்ளதைப் படிக்கலாம். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியும் ஓர் அடையாளம். அதைக் கண்டு வரும் சில புரதங்கள் அந்த இடத்தை இறுக்கிவிடுகின்றன.

2018-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கொடுவாவின் இனப்பெருக்க உறுப்புகளில் இதையே பார்த்தது. பெண் ஹார்மோனை உண்டாக்கும் அரோமாட்டேஸ் நொதிக்குரிய மரபணுவில், ஆண் மீனில் மெத்தில் அடையாளங்கள் மிகுந்திருந்தன. பெண் மீனில் குறைந்திருந்தன. ஆண் தன்மைக்கான வேறொரு மரபணுவில் நிலைமை நேர்மாறாக இருந்தது. புத்தகம் ஒன்றுதான், திறந்திருக்கும் பக்கங்களே வேறு!

உங்கள் உடலிலும் இதுவே நடக்கிறது. கண்ணிலும் ஈரலிலும் மரபணுக்கள் ஒன்றே. திறந்தவை வேறு என்பதால் உறுப்புகளும் வேறாகின்றன. இந்த ஒழுங்கு குலைந்தால் நோய் வரும். புற்றுநோய் சிலவற்றில், உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் மரபணுக்கள் தவறாக மூடப்பட்டிருக்கின்றன. டி.என்.ஏ.வை வளையங்களாக மடிக்கும் கொஹீசின் புரதம் சரிவர இயங்காவிட்டால், குழந்தையின் வளர்ச்சி குன்றி, கை கால் அமைப்பும் பாதிக்கப்படலாம்.

இனி ஏரிக்குத் திரும்புவோம். பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை பெண்கள். அவற்றையே தேடிப் பிடித்தால் முட்டையிடும் தாய்கள் குறையும். கடலோரத்தில் பிறக்கும் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வர வேண்டும். அதை மணல் அடைத்தாலும் வரத்துக் குறையும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டது. ஆனாலும் ஏரியில் மீன் பெருக, சில ஆண் மீன்கள் பெண்ணாகும் வயது வரை உயிரோடிருக்க வேண்டும் அல்லவா?