கதை பிந்திய பிள்ளையும் தேத்தண்ணி பிரக்கடிக்கும் அப்பாவும்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் கொன்னை தட்டும் பிள்ளைகளுக்குக் கதைக்கப் பழக்குபவர் என்றுதான் எம்மவரில் பலர் எண்ணியிருக்கிறோம். கனடாவில் இவர்களின் முழுப் பெயர் ஸ்பீச் லாங்வேஜ் பதோலஜிஸ்ட். தமிழில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் எனலாம். முதுமாணிப் பட்டம் வரை படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். பால் உறிஞ்ச இயலாத குறைமாதக் குழந்தையையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள், பாரிசவாதம் வந்த 80 வயது அப்பப்பாவையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள்.

சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோய், பெட்டி அடுக்கும் எங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரவு வேலையில் ஒரே மேசையில் சாப்பிடும் எங்கள் ஏழெட்டுப் பேரில் மூன்று வீடுகளுக்கு இவர்கள் தேவைப்பட்டுவிட்டார்கள்.

ஒரு வீட்டில் மகனுக்கு இரண்டரை வயது. தனிச்சொல் நாலைந்துதான். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்றார்கள் சிலர். "இரண்டு பாஷையும் பிள்ளையைக் குழப்புது, தமிழை நிற்பாட்டுங்கோ" என்றார்கள் வேறு சிலர். தாயும் நிற்பாட்டினா. அவவுக்குத் தெரிந்த ஆங்கிலமோ கடைக்குப் போய்வரப் போதுமானது மட்டுமே. தாலாட்டு நின்றது, ஏச்சும் நின்றது. வீடு ஊமையாகிப் போனது.

சிகிச்சையாளர் முதலில் காதைச் சோதிக்க அனுப்பினார். காதில் குறையில்லை. பிறகு அவர் சொன்னது, எந்த மொழியில் உங்களுக்குத் தாராளமாகக் கதை வருமோ அந்த மொழியிலேயே கதையுங்கள் என்பதுதான். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்துவதில்லை. சொற்களை எண்ணும்போதும் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயதளவில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொற்களைச் சேர்க்காத பிள்ளையைக் காட்டுவது நல்லது. (‘ழ’ வராததற்கெல்லாம் பயப்பட வேண்டாம். எங்களிலேயே எத்தனை பேருக்கு அது வருகிறது?)

அங்கே மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. நிலத்தில் இருந்து விளையாடுகிறார்கள். "பாலா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பிள்ளை "பூனை" என்றால் நாங்கள் "பூனை ஓடுது" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்களோடு இருப்பது கொஞ்ச நேரம்தான். மிச்ச வேலை எங்களுடையது. இரண்டு வேலைக்கு ஓடும் தாய் தகப்பன் இதற்கு நேரமில்லை என்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்யக்கூடிய காரியம்தான் இது.

வயதானவர்களின் கதை வேறு. பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடது பக்கம். 1861இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர், "தான்" என்ற ஓர் ஒலியைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதிருந்த நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் பார்த்து, பழுது இடது முன்பக்கத்தில் இருப்பதைக் காட்டினார். அங்கே அடிபட்டால் சொல் வராது. அதற்காகப் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் நண்பர் ஒருவரின் தகப்பனாருக்குத் தன் பெயரே வாயில் வரவில்லை, ஆனால் தேவாரம் தொடங்கினால் கூடவே பாடினார். இப்படிப் பாட்டு மட்டும் தங்கிவிடுவது பலரிடம் உண்டு என்றும், அதைப் பிடித்துக்கொண்டே பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் உண்டு என்றும் சிகிச்சையாளர் விளக்கினார்.

விழுங்குவதையும் இவர்களே பார்க்கிறார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது பிரக்கடித்து இருமுவது, குடித்தபின் குரல் கரகரப்பது எல்லாம் தண்ணீர் சுவாசக் குழாய்க்குள் போவதற்கு அடையாளமாகலாம். அது நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். சிலருக்கு இருமல்கூட வராது, ஆகவே பேரியம் கலந்ததை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். குடிப்பதைத் தடிப்பாக்கிக் கொடுக்கச் சொன்னால் அப்படியே கொடுக்க வேண்டும். "பாவம், ஆசைக்கு ஒரு மிடறு" என்று இரகசியமாக இரசம் பருக்குவது எம்மவர் வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் ஆபத்து.

இன்னொன்று. மொழிபெயர்க்கப் பேரனைக் கூட்டிப் போகாதீர்கள். அப்பப்பா "கதிரை" என்பதற்குக் "கதவு" என்றால், பேரன் வெட்கப்பட்டுத் திருத்தித்தான் சொல்லுவான். சிகிச்சையாளருக்குத் தேவை அந்தப் பிழையேதான். ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் தொடங்காத பிள்ளைகளுக்கு இந்தச் சேவை அரச செலவில் உண்டு. வைத்தியரின் கடிதம் தேவையில்லை, தாய் தகப்பனே நேரே பதியலாம். காத்திருக்க நேரும், ஆகவே பிந்தாமல் பதியுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையென்றால் முதலில் வகுப்பு ஆசிரியரிடம் கதையுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் தொலைபேசியில் 211ஐ அழுத்தி, "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிட்டுக் கதைப்பார்கள்.