உண்ணி குடிக்கும் பால்

காலையில் டிகாக்‌ஷனில் ஊற்றுகிற பாக்கெட் பாலின் விலை ஏறும்போதெல்லாம் நம்மவர்கள் தீவனத்தையும் டீசலையும்தான் திட்டுவார்கள். மிளகளவே உள்ள ஒரு ஜந்துவுக்கும் இந்த விலையில் பங்குண்டு. மாட்டின் காதோரத்திலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உண்ணியைத்தான் சொல்கிறேன்.

ரத்தம் போவதைவிட அது கொண்டுவரும் காய்ச்சல்தான் பெரிய நஷ்டம். உண்ணி மாடுகளுக்கு நோய் பரப்புவதை அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் இருவரும் 1893-இல் நிரூபித்தார்கள். நம் நாட்டில் அதிகம் கெடுப்பது தைலீரியோசிஸ். காய்ச்சல் 105, 106 டிகிரிக்கு ஏறும்; நெறி கட்டும்; ரத்தசோகை வந்து பால் வற்றும். சினை மாடானால் கரு கலையவும் கூடும்.

இதில் வேடிக்கை, நாட்டு மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கலப்பினப் பசுதான் விழும். நம் வங்காளத்தில் நதியா மாவட்டத்து ஹரிங்காட்டா அரசுப் பண்ணையில் ஹரியானா பசுக்களுடன் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளைச் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். இத்தகைய முயற்சிகளால் பால் பெருகியது உண்மை. ஆனால் கடன் வாங்கி ஒரே ஒரு கலப்பினப் பசு வாங்கியவருக்கு அது செத்தால் மிஞ்சுவது தவணைதான். இந்த ஆபத்தையும் சேர்த்துச் சொல்லியல்லவா பசுவைக் கொடுத்திருக்க வேண்டும்!

உண்ணியாலும் அது பரப்பும் நோய்களாலும் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் செலவு என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் 2,000 கோடி ரூபாய்க்கு மேல். தோலிலும் நஷ்டம் உண்டு. உண்ணி கடித்த தழும்பு பதனிட்ட பிறகும் தெரியும்; ஆம்பூரானாலும் நம் பாந்தலாவானாலும் அந்தத் தோலுக்கு விலை குறைவு.

தைலீரியோசிஸுக்குத் தடுப்பூசி இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் தயாரான 'ரக்‌ஷாவேக்-டி'யைக் கன்றுக்கு ஒரு முறை போட்டால் போதும். ஆனால் அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தே கொண்டுபோக வேண்டும். சினை ஊசிக்கான உறைவிந்தும் அதே குளிரில்தான் கிராமத்துக்குப் போகிறது. அந்த உருளை போகிற ஊருக்கெல்லாம் தடுப்பூசியும் போவதில் என்ன கஷ்டமோ, என் டிப்ளமா மூளைக்கு எட்டவில்லை.

நோய் வந்த பின் பூபார்வகுவோன் ஊசி உண்டு. ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும், விலைதான் அதிகம்.

கொத்து வேலையும் இதில் கொஞ்சம் உதவும். தைலீரியாவைப் பரப்பும் உண்ணி மாட்டைவிட்டு இறங்கித் தொழுவச் சுவரின் வெடிப்புகளில் ஒளிந்துதான் தோலுரிக்கிறது, முட்டையிடுகிறது. ஊரில் மாடு வைத்திருக்கும் உறவினர் இருந்தால், அடுத்த லீவில் போகும்போது அந்த வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி அடைக்கச் சொல்லுங்கள்.