வால்வு ஆம்ப்ளிபயரும் வாசிப்பவரின் பிராணனும்

பங்குனி சித்திரை மாதங்களில் தர்மபுரி ஜில்லாவின் கிராமங்களில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கும்போது, திடலிலே பந்தலிட்டு, தற்காலிகமாக மின்சாரம் இழுத்து, ஒரு நாள் தெருக்கூத்தும் மறுநாள் மெல்லிசைக் கச்சேரியுமாக விடியும் வரை நடத்துவது வழக்கம். அந்த மேடையில் மின்சாரக் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயரின் ஒலியில் மனம் நிறையாமல், பழைய வால்வு ஆம்ப்ளிபயரைத் தேடிப் பிடிப்பாரானால், அவருடைய ரசனையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த யந்திரத்தின் சுபாவத்தை அறியாமல் அதை நெருங்கலாகாது என்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்.

சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கியபோது நம்மவர் அவற்றில் கேட்ட ஸங்கீதமெல்லாம் வால்வின் வழியே வந்ததுதான். பிற்காலத்தில் ஓசூருக்கு அப்பால் பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலேயே வால்வுகள் உற்பத்தியாயின. காற்று நீக்கிய அந்தக் கண்ணாடிக் குழலுக்குள், சூடேறிய முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய, இடையிலிருக்கும் கம்பிவலை, ஏரி மதகு நீரை அளந்து விடுவதுபோல, கிட்டாரின் நுண்ணிய அதிர்வுக்கு ஏற்ப அந்தப் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. சக்திக்கு மீறி ஓட்டும்போதும் ஒலியின் உச்சியை அது சட்டென வெட்டிவிடாமல் மெல்ல வளைப்பதனால் எழும் உபநாதங்களுக்காகவே வித்துவான்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள்.

ஆனால் அந்தத் தகட்டுக்கு 300 முதல் 500 வோல்ட் வரை மின்சாரம் ஏற வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் கண்டென்ஸர்களோ, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் அதை வைத்திருக்கக் கூடும். வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அபாயம் நீங்கிவிட்டது என்று நாம் வாழ்க்கையெல்லாம் பழகியிருக்கிறோமே, அந்த நம்பிக்கை இங்கே உயிருக்கு உலை வைக்கும். ஆகையால், வால்வுகளில் அநுபவமுள்ளவர், தகுந்த ரெஸிஸ்டரின் வழியே கண்டென்ஸர்களை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். மற்றவர்கள் பெட்டியின் பின்பலகையைக் கழற்றுவதே தகாது.

அதனினும் முக்கியமானது எர்த்து. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு கம்பி வயர்தான் உண்டு; எர்த்துக் கம்பி கிடையாது. ஏதேனும் ஒரு கசிவு ஏற்பட்டால் அதன் உலோகச் சட்டமும், அதனோடு இணைந்த கிட்டாரின் தந்திகளும் மின்சாரம் ஏறி நிற்கும். அந்நிலையில் வாசிப்பவர் எர்த்தாகியிருக்கும் மைக்கைத் தொட்டால் அவருடைய சரீரமே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். 1972-ஆம் வருஷம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மாண்டார்; 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் இசைக்குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ஃப் தம் வீட்டில், சரியாக எர்த்து செய்யப்படாத கிட்டாரினால் உயிரிழந்தார். ஸங்கீதத்துக்காக வாழ்ந்தவர்கள் ஒரு கம்பியின் குறையினால் மடிந்தார்கள் என்பதை நினைக்கும்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

மற்ற ஜாக்கிரதைகள் யந்திரத்தின் க்ஷேமத்தைப் பற்றியவை. ஸ்பீக்கரை இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி அதன் காப்பையே துளைத்துவிடும். ஸ்பீக்கரின் ஓம் அளவும் பெட்டி கேட்கும் அளவாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட்டுக்கென்று வந்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகுவது அதைக் கொளுத்துவதற்குச் சமானம். பியூஸ் போனால் அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும். மறுபடியும் போனால் உள்ளே நோய் இருக்கிறது என்று அறிந்து வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுத்தாலும் உடனே அணைக்க வேண்டியதுதான். நம் ஊர்க் கோடை வெயிலில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டம் விடுவதும், கச்சேரி முடிந்தபின் வால்வுகள் ஆறிய பிறகே வண்டியில் ஏற்றுவதும் அவசியம்.

திருவிழாக் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம்: பந்தலுக்கும் விளக்குத் தோரணத்துக்கும் செலவிடும்போது, தேர்ந்த வயர்மேனைக் கொண்டு மேடையின் எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திவிட்டுப் பிறகு பாடகர்களை மேடையேற்றுங்கள்.